பரீட்சை எழுத வேண்டியது அவன் இல்ல, அந்தப் பெட்டி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா என் மேசை டிராயர்ல ஒரு ஏ4 பேப்பர் கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. அதை எடுத்துப் படிக்கிறப்பல்லாம் பி.பி. ஏறுது. கொட்டித் தீர்த்துடலாம்னு வந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, காப்பி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

அந்தப் பேப்பரோட கடைசி வரி இது: "தகவல் தொடர்புக் கருவிக்கு தற்போது தகுதி பெறவில்லை. ஆறு மாதம் கழித்து வரவும்."

தகுதி பெறாதது என் சித்தி பையன். 17 வயசு. பிறந்ததுலேர்ந்து செரிப்ரல் பால்சி, பெருமூளை வாதம். கை கால் அவன் சொல்றதைக் கேக்காது, தானா ஆடும். வாயில வர்ற சத்தம் சித்திக்கு மட்டும் பாதி புரியும். கண்ணு மட்டும் அவன் சொல்றபடி கேக்கும். "ஆமாம்"னா மேல பார்ப்பான். "இல்லை"ன்னா கண்ணை இறுக்கி மூடுவான். அவன் பேரை எழுதலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

எங்க ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்ல பாண்டி போற எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் உப்பைக் குவிச்சு, மேல கீத்து போட்டு மூடி வச்சிருப்பாங்க. வண்டியை நிறுத்தி அது முன்னாடி போட்டோவும் எடுத்திருப்பீங்க. சித்தியும் சித்தப்பாவும் அந்தக் குவியலுக்குப் பின்னால இருக்கிற அளத்துலதான் கூலி வேலை பார்க்கிறாங்க. பொங்கல் கழிஞ்சு பாத்தி கட்ட ஆரம்பிச்சா ஐப்பசி மழை வர்ற வரைக்கும் வேலை. வீட்டுல தனியா விட முடியாததால தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அளத்து ஓரம் ஒரு ஓலைக் கொட்டகை, அதுல ஒரு பிளாஸ்டிக் சேர், கயித்தால இடுப்பைச் சேர்த்துக் கட்டி உட்கார வச்சிருப்பாங்க. அவனோட ஆபீஸ் அதுதான்.

போன வருஷம் ஒரு மூணு நாள் அவன் அழுதுக்கிட்டே இருந்தான். சாப்பிடலை, தூங்கலை, தலையை சேர்ல முட்டிக்கிட்டான். எல்லாரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. வெயில், பிடிவாதம், கண்ணேறு... ஒரு பாட்டி வந்து மந்திரிச்சுட்டும் போனாங்க. சித்தி "பசிக்குதா? வயித்த வலிக்குதா? யாராச்சும் திட்னாங்களா?"ன்னு தெரிஞ்ச கேள்வியெல்லாம் கேட்டுட்டாங்க. எல்லாத்துக்கும் கண்ணை மூடினான். "காது வலிக்குதா?"ன்னு கேக்க யாருக்கும் தோணலை. நாலாம் நாள் காதுல சீழ் வந்தப்புறம்தான் தெரிஞ்சது.

அப்போ அவன்கிட்ட ஒரு கருவி இருந்துச்சு, அதுதான் கொடுமை. யாரோ நல்ல மனசோட தானமா கொடுத்த படப் புத்தகம், அறுபது படம். ஜூஸ், கேக், பார்க், ஐ ஆம் ஹேப்பி, ஐ ஆம் சேட் எல்லாம் இருந்துச்சு. காது இல்லை. "வலி"யும் இல்லை. மூணு நாளும் "ஐ ஆம் சேட்" படத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். "ஆமாண்டா கண்ணு, தெரியுது"ன்னு சித்தியும் கூட உட்கார்ந்து அழுதிருக்காங்க.

அதுக்கப்புறம்தான் முறையா ஒரு இடத்துல காட்டி, பேச ஒரு கருவி வாங்கிடலாம்னு நானே லீவு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன். எந்த இடம்னு கேக்காதீங்க. இந்தப் பதிவுல பேர் வர்ற எந்த நிறுவனமும் இல்லை. சண்டை அந்த ஒரு இடத்தோட இல்ல, அங்க நடந்த முறையோட.

நடந்தது இதுதான். ஏசி ரூம். தெரியாத அக்கா ஒருத்தங்க. மேசை மேல படம் படமா கார்டு. "ஆப்பிளைக் காட்டு. ஸ்னோமேனைக் காட்டு. யானை எங்க?" கையால காட்டணும். கைதான் அவன் பேச்சைக் கேக்காதே! யானையைக் காட்டப் போன கை ஆப்பிள் மேல விழுந்துச்சு. தப்பு. ஸ்னோமேனை வாழ்க்கையில பார்த்ததில்லை. அதுவும் தப்பு. "கண்ணால காட்டுவான் மேடம்"னு சொன்னேன். "அது டெஸ்ட்ல இல்லைங்க"ன்னாங்க. முப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. காரணமும் காட்டறதும் புரியற அளவு அறிவு வளர்ச்சி வரட்டும், அப்புறம் கருவி பத்திப் பேசலாம்னு அனுப்பிட்டாங்க.

திரும்பி வர்றப்போ பஸ் ஸ்டாண்டுல நடந்ததைச் சொல்லணும். திண்டிவனம் பஸ் வந்துச்சு. நான் அசதியில அதுல ஏத்தப் போனேன். தம்பி கத்தினான். கண்ணு பக்கத்துல நின்ன இன்னொரு பஸ்ஸோட போர்டு மேலயே நின்னுச்சு. அதுலதான் "மரக்காணம்"னு போட்டிருந்துச்சு. பையனுக்குப் படிக்கத் தெரியும்! அவங்க அக்கா சத்தம் போட்டுப் படிக்கிறப்ப பக்கத்துல உட்கார்ந்து எழுத்தெல்லாம் கத்துக்கிட்டிருக்கான். பத்து வருஷமா எங்க யாருக்கும் தெரியலை. முப்பத்தஞ்சு நிமிஷ டெஸ்டுக்கும் தெரியலை. பஸ் போர்டுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்போ என் கேள்வி. அன்னிக்கு யாரு யாரை மதிப்பீடு பண்ணாங்க?

அளத்துல உப்பு விளையலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்க. தண்ணியோட டிகிரியைப் பார்ப்பாங்க. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி போமேல இருக்கும். காஞ்சு காஞ்சு இருபத்தஞ்சுக்கிட்ட வந்தாத்தான் உப்பு கட்டும். வரலைன்னா பாத்தி ஆழமா, மண்ணு ஒழுகுதா, காத்து எப்படின்னு பார்ப்பாங்க. "தண்ணிக்கு உப்பாகத் தகுதியில்லை, ஆறு மாசம் கழிச்சு வரவும்"னு கடலுக்கு யாரும் சீட்டு எழுதித் தர்றதில்லை.

மதிப்பீடே வேண்டாம்னு நான் சொல்லலை. மதிப்பீடு ரொம்ப அவசியம். எதை மதிப்பீடு பண்றதுங்கறதுதான் பிரச்சினை. "இவனுக்குக் கருவி வாங்கித் தரலாமா?"ங்கறது பரீட்சை. "எந்தக் கருவி இவனுக்கு, இவன் உட்கார்ற இடத்துல, இவன் பேசற மொழியில வேலை செய்யும்?"ங்கறதுதான் மதிப்பீடு. முதல் கேள்வியில பையன் ஃபெயிலாவான். ரெண்டாவதுல கருவி ஃபெயிலாகும். கருவி ஃபெயிலானா வேற கருவி பார்க்கலாம். பையன் ஃபெயிலானா வேற பையனா பார்ப்பீங்க?

இது நான் கண்டுபிடிச்ச புரட்சி இல்லை. 1987-லயே ரோசன்பெர்க், பியூகல்மேன்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் "பங்கேற்பு மாதிரி"ன்னு ஒரு முறையை முன்வச்சாங்க. ஆளோட குறையை மட்டும் அளக்காதே. அதே வயசுப் பசங்க ஒரு நாள்ல எங்கெல்லாம் பேசறாங்கன்னு பாரு. இவன் அங்க பேச எது தடுக்குதுன்னு பாரு. சட்டமா, பழக்கமா, சுத்தி இருக்கறவங்களோட அறியாமையா, மனோபாவமா, இல்ல கருவியான்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாரு. இதுதான் சாரம். இப்போ இந்தத் துறையில பொதுவா ஏத்துக்கிட்ட கருத்தே, மாற்று வழியில பேச ஆரம்பிக்க முன்தகுதின்னு ஒண்ணு கிடையாதுங்கறதுதான். நீச்சல் கத்துக்கிட்டு அப்புறம் தண்ணியில இறங்குன்னு சொல்ல முடியாதுல்ல?

"கருவி"ன்னதும் நமக்கு, அதுவும் என்னை மாதிரி பொட்டி தட்டறவங்களுக்கு, கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். ஸ்டீஃபன் ஹாக்கிங் 1985-ல நிமோனியா வந்து, தொண்டையில துளை போட்டு, குரல் போனதும் உடனே கம்ப்யூட்டர்ல பேசிடலை. முதல்ல ஒரு எழுத்து அட்டை. எதிர்ல ஒருத்தர் ஒவ்வொரு எழுத்தா காட்டுவார். சரியான எழுத்து வந்தா இவர் புருவத்தைத் தூக்குவார். கம்ப்யூட்டர் அப்புறம்தான் வந்துச்சு. பிரெஞ்சு பத்திரிகையாளர் ழான்-தொமினிக் போபி 1995-ல பக்கவாதம் வந்து இடது கண் இமை தவிர எல்லாம் முடங்கிப் போனவர். ஒருத்தர் எழுத்துகளை வாசிக்க வாசிக்க, வேணும்கிற எழுத்துல இவர் கண்ணைச் சிமிட்டுவார். அப்படியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1997-ல வெளிவந்துச்சு. அவங்க பயன்படுத்தின தொழில்நுட்பம், பிரெஞ்சுல அதிகம் வர்ற எழுத்து முதல்ல வர்ற மாதிரி மாத்தி அடுக்கின ஒரு எழுத்து வரிசையும், எதிர்ல பொறுமையா உட்கார்ந்த ஒரு ஆளும். அவ்ளோதான்.

இவங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, முன்னாடி பேசினவங்க. அதனால யாரும் இவங்களை ஸ்னோமேன் காட்டச் சொல்லலை. என் தம்பியைச் சொன்னாங்க.

சரி, அடுத்தவங்களைத் திட்டினது போதும். இப்போ என் முறை. ஏன்னா அடுத்த தப்பை நானே பண்ணேன்.

அந்தப் பேப்பர் வந்த கோவத்துல ஒரு வீக்கெண்டு முழுக்க உட்கார்ந்து நானே ஒரு ஆப் எழுதினேன். படம், பட்டன், தமிழ்க் குரல் எல்லாம் வச்சு. நண்பர்கிட்ட ஐபேட் கடன் வாங்கி, ஹீரோ மாதிரி அளத்துல போய் இறங்கினேன். மே மாசம், மதியம் பன்னெண்டு மணி. நடந்ததை வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, திரையே தெரியலை. உப்புப் பாத்தி சுத்திலும் வெள்ளைக் கண்ணாடி மாதிரி. கொட்டகைக்குள்ளயும் கண்ணு கூசும். திரையில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

ரெண்டு, இருபது நிமிஷத்துல சூடாயிடுச்சுன்னு சொல்லி ஐபேட் தானே நின்னுபோச்சு. ஆப்பிள் கம்பெனியே வெளிப்படையா எழுதி வச்சிருக்கு, 0-லேர்ந்து 35 டிகிரி வெப்பத்துக்குள்ள பயன்படுத்தச் சொல்லி. எங்க ஊர் மே மாசம் அதைப் படிக்கலை.

மூணு, சித்தி அளத்துலேர்ந்து ஓடி வந்து ஈரக் கையோட தொட்டாங்க. உப்புத் தண்ணி மின்சாரம் கடத்தும்னு எட்டாங் கிளாஸ்ல படிச்சிருக்கோம். கெபாசிடிவ் திரையில அந்தத் துளி ஒவ்வொண்ணும் ஒரு விரல். பொட்டி தானா பேச ஆரம்பிச்சுது. "எனக்கு ஜூஸ் வேண்டும். எனக்கு ஜூஸ் வேண்டும்."

நாலு, அந்தக் குரல். செய்தி வாசிக்கிற அம்மா குரல். 17 வயசுப் பையன் வாயிலேர்ந்து "தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்"னு வருது. அளமே சிரிச்சுது. அவன் சிரிக்கலை. ஹாக்கிங் பின்னாடி வேற நல்ல குரல் வந்தும் தன்னோட பழைய மெஷின் குரலை மாத்த மாட்டேன்னுட்டார், அதுதான் தன் குரல்னு. குரல் ஒரு ஆளோட அடையாளம். நான் அதை டீஃபால்ட்டா விட்டிருந்தேன்.

அஞ்சு, தமிழ். இங்கிலீஷ் கருவியோட அமைப்பை அப்படியே காப்பியடிச்சிருந்தேன். "நான்" பட்டன், "வேண்டும்" பட்டன், "அம்மா" பட்டன். நம்ம மொழி அப்படியா ஒட்டுது? அம்மாவை, அம்மாகிட்ட, அம்மாவோட, அம்மாவால, ஒவ்வொண்ணும் ஒரு அர்த்தம். "அம்மா அடி"ன்னு ரெண்டு பட்டனைத் தட்டினா அம்மா அடிச்சாங்களா, அம்மாவை யாராச்சும் அடிச்சாங்களா, அம்மாவுக்கு அடிபட்டுச்சா? வேற்றுமை உருபு இல்லாத கருவியில தமிழ்ல புகாரே கொடுக்க முடியாது. அப்புறம் மரியாதை. "வா" மட்டும் இருந்தா தாத்தாவை "வா"ன்னு கூப்பிட்டு அடி வாங்கணும். "வாருங்கள்" மட்டும் இருந்தா கூட்டாளிப் பசங்க கலாய்ப்பாங்க.

இவ்ளோ தப்பும் என் ஏசி ரூம்ல ஒண்ணுகூட தெரியலை. அங்க ஆப் சூப்பரா ஓடிச்சு. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு டெஸ்டர்கிட்ட சண்டை போடற அதே வியாதி :-) ஓடவேண்டிய இடத்துல ஓட விட்டுப் பார்க்காதது டெஸ்டிங்கே இல்லைன்னு சம்பளம் வாங்கிக்கிட்டு மத்தவங்களுக்கு சொல்ற ஆளு நான்.

ஒழுங்கா பண்ணவங்க இருக்காங்க, நம்ம சென்னையிலேயே. அஜித் நாராயணன்னு ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்சவர், 'ஆவாஸ்'னு ஒரு பேச்சுக் கருவி பண்ணார். அதைச் சும்மா லேப்ல உட்கார்ந்து பண்ணிடலை. பூனம் நடராஜன் 1985-ல ஆரம்பிச்ச வித்யா சாகர் அமைப்போட பசங்க, தெரபிஸ்டுகளோட சேர்ந்து உருவாக்கினார். வெளிநாட்டுக் கருவியெல்லாம் ஆயிரக்கணக்கான டாலர் வித்த காலம் அது. 2010-ல மாற்றுத்திறனாளிகள் துறைக்கான தேசிய விருது கிடைச்சுது, 2011-ல எம்.ஐ.டி.யோட டி.ஆர்.35 பட்டியல்ல அவர் பேர் வந்துச்சு. தனிப் பெட்டியா ஆரம்பிச்சது அப்புறம் டேப்லெட் ஆப்பா மாறி தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கும் வந்திருக்கு. ஐ.ஐ.டி. பம்பாயில உருவான 'ஜெல்லோ' இலவசமாவே கிடைக்குது. இதுல எது உசத்தின்னு கேக்காதீங்க. அந்தக் கேள்வியே தப்பு. கொட்டகையில உட்கார்ந்திருக்கிற அந்த ஒருத்தனுக்கு எது பொருந்தும்ங்கறதுதான் கேள்வி.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல "தகவல் தொடர்பு"ன்னா என்னன்னு விளக்கியிருக்காங்க. மாற்று வழிகளும் பேச்சுக்குத் துணையான வழிகளும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருது. 2011 மக்கள் தொகைக் கணக்குல பேச்சுக் குறைபாடுன்னு பதிவானவங்க மட்டும் நாடு முழுக்க சுமார் 20 லட்சம் பேர். என் தம்பி மாதிரி வேற தலைப்புல பதிவானவங்க அதுல வரமாட்டாங்க. உதவி உபகரணம் வாங்க மத்திய அரசோட ஏ.டி.ஐ.பி. திட்டம் 1981-லேர்ந்து இருக்கு. இதே ஈ.சி.ஆர். ரோட்டுல முட்டுக்காட்டுல, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம் 2005-லேர்ந்து இருக்கு. ஆக சட்டமும் இருக்கு, ரோடும் இருக்கு. நடுவுல இல்லாம போறது ஒண்ணே ஒண்ணு. கருவி கொடுத்த அப்புறம் அது பேசுதான்னு அவன் இருக்கிற இடத்துக்கு வந்து பார்க்கிற ஒரு ஆளு. எத்தனை கருவி கொடுத்தோம்னு கணக்கு வைக்கிறோம். எத்தனை பேர் பேசினாங்கன்னு யாரும் கணக்கு வைக்கிறதில்லை.

இப்போ எதிர்க்கட்சி வாதம். நானே சொல்லிடறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்.

"தெரபிஸ்டே குறைச்சல், பணமும் குறைச்சல். வடிகட்டித்தான் ஆகணும். இல்லைன்னா பாதிக் கருவி பரண்ல தூங்கும்." பாதி நியாயம். பரண்ல தூங்கறது நிஜம். ஆனா அது தகுதியில்லாதவனுக்குக் கொடுத்ததால தூங்கலை. பொருத்தமில்லாததைக் கொடுத்ததால தூங்குது. கால் அளவு எடுக்காம செருப்பு கொடுத்துட்டு, "இவனுக்கு நடக்கற ஆர்வம் இல்லை"ங்கறோம். பணம்தான் பிரச்சினைன்னா, கண்ணால காட்டற அட்டைக்கு எவ்ளோ பணம் ஆகும்? அதை முதல் நாளே கொடுத்து அனுப்பலாமே! கையில அட்டை இல்லாம ஆறு மாசம் கழிச்சு வான்னா, அந்த ஆறு மாசம் காது வலிச்சா என்ன பண்றது?

"கூட இருக்கறவங்களே அவன் பேர்ல பேசிட்டா?" இது முழு நியாயம். இதை லேசா எடுத்துக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ளவங்க கையை ஒரு உதவியாளர் பிடிச்சு டைப் பண்ண வைக்கிற ஒரு முறை அமெரிக்காவுல பெரிய அளவுல பரவுச்சு. 1990-களோட ஆரம்பத்துல அதைச் சோதிச்சாங்க. உதவியாளருக்கு ஒரு படம், அவங்களுக்கு வேற படம். டைப் ஆனது உதவியாளர் பார்த்த படத்தோட பேர்தான்! உதவியாளருக்கே தெரியாம அவர் கை பேசியிருக்கு. அமெரிக்கப் பேச்சு-செவித்திறன் சங்கம் 2018-ல அந்த முறை வேண்டவே வேண்டாம்னு தெளிவா சொல்லிடுச்சு. பாருங்க, இங்க பரீட்சை எழுதினது அந்த முறை. ஃபெயிலானதும் அந்த முறைதான். மதிப்பீடுன்னா இது! என் சண்டையே, இந்தக் கண்டிப்பை ஆள் மேல காட்டாம கருவி மேல காட்டுங்கன்னுதான்.

ஐபேட் அவமானத்துக்கப்புறம் அடுத்த வாரம் ஊருக்குப் போனப்ப ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் வாங்கிட்டுப் போனேன். பர்மனென்ட் மார்க்கர் சேர்த்து மொத்தச் செலவு 240 ரூபாய். ஷீட்டை நடுவுல பிடிச்சுக்கிட்டு அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் எதைப் பார்க்கிறான்னு அவன் கண்ணை நேரா பார்த்தே தெரிஞ்சுக்கலாம். இந்த மாதிரிப் பலகை உலகத்துல ரொம்ப வருஷமா இருக்கு, என் கண்டுபிடிப்பு இல்லை. சார்ஜ் வேண்டாம். சூட்டுல நிக்காது. வெயில் அடிச்சா இன்னும் நல்லா தெரியும்.

247 எழுத்தையும் எழுதினா ஷீட் பத்தாது. உயிர் 12, மெய்க்கு 18, ஒரு புள்ளி, ஆக 31. "ணி"ன்னா "ண" பார்த்துட்டு "இ" பார்க்கணும். ஆய்தம் மன்னிக்கவும் :-) நாலு மூலை, மேல நடு, கீழ நடுன்னு ஆறு கூட்டம், கூட்டத்துக்கு ஆறு கட்டம். முதல் பார்வையில கூட்டம், ரெண்டாவது பார்வையில அதுக்குள்ள எந்தக் கட்டம். மொத்தம் 36 கட்டத்துல மிச்சம் அஞ்சு. அந்த அஞ்சுல என்ன எழுதறதுன்னுதான் ரொம்ப யோசிச்சேன். "வலி", "வேண்டாம்", "நீ சொன்னது தப்பு", "முடிஞ்சுது". கடைசியா "நான் சொல்ல வந்தது இதுல இல்லை". அந்தப் படப் புத்தகத்துல இந்தக் கடைசிக் கட்டம் ஒண்ணு இருந்திருந்தா மூணு நாள் அழுதிருக்க மாட்டான்.

சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. நானே அவன் சார்பா படிச்சுக்கறேனோன்னு. அதனால அந்த அமெரிக்கச் சோதனையை எங்க ஊர் ஸ்டைல்ல வச்சேன். நான் கொட்டகைக்கு வெளியே போயிட்டேன். சித்தி பையிலேர்ந்து ஒரு பொருளை எடுத்து அவனுக்கு மட்டும் காட்டி மறைச்சு வச்சுட்டு, அந்தப் பக்கம் போயிட்டாங்க. நான் உள்ள வந்து பலகையைப் பிடிச்சேன். ச. ஈ. ப. புள்ளி. ப. உ. சீப்பு! சித்தி பையைத் திறந்து சீப்பை எடுத்துக் காட்டினாங்க. அப்புறம் அப்படியே வரப்புல உட்கார்ந்துட்டாங்க. ஒண்ணும் பேசலை.

சந்தோஷத்துல நான் என்ன பண்ணேன் தெரியுமா? போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பிச்சேன். இங்க போடலாம், நாலு பேர் பாராட்டுவீங்கன்னு. "தம்பி, இன்னொரு வாட்டி பண்ணு"ன்னேன். அவன் பலகையைப் பார்க்க ஆரம்பிச்சான். வ. ஈ. ட. இ. ய. ஓ. அப்புறம் அந்த "வேண்டாம்" கட்டம்.

17 வருஷத்துல அவன் முழுசா சொன்ன முதல் வாக்கியம், "வீடியோ வேண்டாம்". என்னை எதிர்த்துத்தான் சொன்னான். போனை உள்ள வச்சுட்டேன்.

அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. ஒரு பேச்சுக் கருவியை மதிப்பிட எனக்கு இனிமே ஒரே அளவுகோல்தான். அதை வச்சு அவன் நம்மளை மறுத்துப் பேச முடியுமா? "ஜூஸ் வேண்டும்"னு சொல்ல வைக்கிற கருவி நமக்கு வசதி. நாம கேள்வி கேப்போம், அவன் நாம தர்றதுல ஒண்ணைத் தேர்ந்தெடுப்பான். "நீ சொன்னது தப்பு"ன்னு சொல்ல வைக்கிற கருவிதான் அவனுக்கு வசதி. முதலாவது வெறும் மெனு கார்டு. ரெண்டாவதுதான் பேச்சு.

இதைப் படிக்கிறவங்கள்ல தெரபிஸ்ட் இருக்கலாம், டீச்சர் இருக்கலாம், என்னை மாதிரி வீக்கெண்டுல ஆப் எழுதற வீரர்கள் நிச்சயம் இருப்பீங்க. அடுத்த தடவை ஒரு கருவியோட யார் முன்னாடியாவது போய் நின்னா, இதை மட்டும் கேட்டுக்குங்க.

அவன் நாள் முழுக்க இருக்கிற இடத்துல வச்சுப் பார்த்தீங்களா, உங்க ரூம்லயா? அவன் உடம்புல எது அவன் பேச்சைக் கேக்குதோ, அதால இயக்க முடியுதா? அவன் வீட்டுத் தமிழ் அதுல இருக்கா? வலி, பயம், திட்டு, பொய், வேண்டாம் எல்லாம் இருக்கா? யாராவது அவனைத் தொடக்கூடாத இடத்துல தொட்டா சொல்ல வார்த்தை இருக்கா? கரண்ட் போனா என்ன வழி? பேசறது அவன்தான்னு சோதிச்சீங்களா? ஆறு மாசம் கழிச்சு அவன் உங்ககிட்ட வரணுமா, நீங்க அவன்கிட்ட போவீங்களா?

இதுல ஃபெயிலானா பேப்பர்ல தாராளமா எழுதுங்க, "தகுதி பெறவில்லை"ன்னு. கருவியோட பேருக்கு நேரா.

பி.கு: பலகையோட குறையும் சொல்லிடறேன். எதிர்ல ஒரு ஆள் இல்லைன்னா அது வெறும் பிளாஸ்டிக். ராத்திரி இருட்டுல உதவாது. தூரத்துல இருக்கிற அம்மாவைக் கூப்பிட முடியாது. அதனால குரல் வர்ற கருவி தேடறதை நாங்க நிறுத்தலை. இந்தத் தடவை அந்தக் கருவிதான் கொட்டகைக்கு வந்து பரீட்சை எழுதணும்.

பி.கு 2: இந்தப் பதிவை அவனுக்கு முழுசா படிச்சுக் காட்டித்தான் போடறேன். பேர் போடலாமான்னு கேட்டேன். நேரா "வேண்டாம்" கட்டம். சீப்பு கதையும் வேண்டாமான்னு கேட்டேன். மேல பார்த்தான், அது இருக்கட்டுமாம். அப்புறம் ஒரு எழுத்துப் பிழை இருக்குன்னு சொன்னான். திருத்திட்டேன்.